சோம்பேறி என்று பெயர் வைத்த நொதி

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். விளக்கம் பிறகு.

1. உத்திரமேரூருக்கு வெளியே, ஏரிக்கரைப் பக்கம், நொதி, அதாவது என்சைம், செய்து விற்கும் சிறிய ஆலை ஒன்று இருந்தது. படிப்பு முடிந்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன்.
2. எங்கள் நொதி பட்டு நூலின் பசையைத் தின்னும். ஆனால் நூலை வெளுக்கும் பெராக்சைடு பட்டால் செத்துவிடும். சாகாத நொதி வேண்டும் என்றார் முதலாளி.
3. நொதியைச் சுரக்கும் நுண்ணுயிரைப் புற ஊதா விளக்கில் காட்டி, அதன் மரபை மாற்றி, அப்படி ஒன்றைப் பிடித்தோம். அதற்கு மகாராணி என்று பெயர்.
4. மகாராணி ஓரிக்கைச் சாயப்பட்டறைக்குப் போனாள். நூல் மஞ்சளாகவே இருந்தது.
5. எங்கள் அறையை மூடிவிட்டு அதில் சலவைச் சோடா மூட்டை அடுக்கலாம் என்று முடிவாயிற்று. மூடினால் எங்களோடு இருந்த செல்வி பேக்கிங் ஷெட்டுக்குத் திரும்ப வேண்டும்.
6. சோம்பேறி வந்தது.

போன மாதம் ஆலையிலிருந்து நிவேதா என்ற பெண் போன் செய்தாள். இப்போது ஆய்வகத்தில் இருப்பவள். "மேடம், அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் இல்லாம, ஜீனைப் படிக்காம, என்சைமை எப்படி மாத்துனீங்க? எழுதிக் குடுங்களேன்" என்றாள். ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கா பஞ்சம்? எழுதுகிறேன்.

என் வீடு உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில். சென்னையில் நுண்ணுயிரியல் படித்தேன். படிப்பில் சொல்லிக்கொள்ள எதுவும் நடக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஊர் திரும்பியபோது, எங்கள் ஊரிலேயே நான் படித்த படிப்புக்கு வேலை இருந்தது என்பதுதான் அதிசயம். ஏரித் தண்ணீரும், பக்கத்தில் காஞ்சிபுரத்துப் பட்டும் இருந்ததால் சென்னை முதலாளி இங்கே வந்து ஷெட் போட்டிருந்தார்.

ஆய்வகத்தின் பொறுப்பு பிலோமினா மேடத்திடம். சுற்றுவட்டார கிராமம் ஒன்றில் கூலி வேலை செய்த குடும்பம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு இங்கே வந்தார். சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டுவார். ஆய்வகத்தில் உட்கார மாட்டார். குடுவையைக் கையில் கொடுத்தால் பார்ப்பதற்கு முன் மோந்துவிட்டு, "ம், நல்லா கீது" அல்லது "கெட்டுப்போச்சி, கொட்டு" என்பார். எங்களிடம் ஊர்ப் பேச்சு. முதலாளியிடம் ஆங்கிலம். கோபம் வந்தால் எங்களிடமும் ஆங்கிலம். அதனால் அவர் ஆங்கிலத்தில் வாய் திறந்தாலே செல்வி கண்ணாடிக் குழாய்களைக் கழுவப் போய்விடுவாள்.

எந்த முடிவைக் கொண்டுபோனாலும் மேடம் இரண்டு கேள்வி கேட்பார். முதலில், "இன்னா பாத்தே?" அதற்குப் பதில் சொல்லி முடித்த பிறகுதான், "இன்னா நெனைக்கிறே?" முதல் கேள்விக்கு இரண்டாவதின் பதிலைச் சொன்னால் திரும்பவும் முதல் கேள்வி வரும். "நல்ல ரகம் மேடம்" என்றால், "நல்லதுன்னு எங்க எழுதிக்கீது? இன்னா பாத்தே?" என்பார். எரிச்சலாக இருக்கும். வீட்டில் அம்மா, "யாருடி வந்தது?" என்றால் "நீலப் புடவை கட்டின ஒரு அம்மா" என்று பதில் சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டேன்.

செல்வி எங்கள் உதவியாளர். பத்தாவது முடித்தவள். என்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் பெரியது. முதலில் பேக்கிங் ஷெட்டில்தான் இருந்தாள். நொதிப் பொடியை அள்ளிப் பொட்டலம் போடும் இடம் அது. பட்டின் பசையும் புரதம், மனிதத் தோலும் புரதம். பொடிக்கு வித்தியாசம் தெரியாது. அங்கே வேலை செய்தவர்களுக்கு விரல் நுனி உரிந்தது. சிலருக்கு மூச்சும் இழுத்தது. செல்விக்கு இரண்டும். ஒருநாள் ஷெட் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறியவளைப் பார்த்துவிட்டு, மேடம் மறுநாளே அவளை எங்கள் அறைக்கு மாற்றிக்கொண்டார். அறையில் பொடி கிடையாது, எல்லாம் ஈரம். மாதக் கணக்கில் இழுப்பு வரவில்லை. வேறு வேலை ஆலையில் அவளுக்கு இல்லை. ஆலையை விட்டால் ஊரில் நடவும் களையும்தான்.

இனி அந்த அறை. ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டி, உள்ளே சிவப்பு பல்பு போட்டிருந்தோம். புற ஊதா பட்ட நுண்ணுயிர் சாதாரண வெளிச்சத்தைப் பார்த்தால் தன் காயத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். நமக்கு வேண்டிய மாற்றமும் போய்விடும். அதற்காக இருட்டு. ஊருக்கு இது தெரியுமா? ஸ்டுடியோ என்று பேர் ஆகிவிட்டது. ஒரு நாள் முகத்துக்குப் பவுடர் போட்டு, தலையை வழித்துச் சீவிக்கொண்டு ஒரு விவசாயி வந்து நின்றார்.

"பேங்க் லோனுக்குமா. மார்பளவு ஒண்ணு எடுத்தா போதும்."

"இங்க ஆளுங்கள எடுக்கறதில்லண்ணா, கிருமியத்தான் எடுக்கிறோம்" என்றாள் செல்வி.

"கிருமிக்கு எந்த பேங்க்ல லோன் தர்றான்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வேலை செய்யும் முறை இதுதான். நுண்ணுயிர் கலந்த உப்புநீரைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, மூடியைத் திறந்து, விளக்கின் கீழ் மெல்லச் சுழற்ற வேண்டும். பெரும்பாலானவை செத்துவிடும். மிஞ்சியவற்றைப் பால் கலந்த கூழ்த்தட்டில் பரப்பி இருட்டில் வளர்த்தால் புள்ளி புள்ளியாகக் கிளம்பும். நொதி சுரக்கும் புள்ளியைச் சுற்றிப் பாலின் வெண்மை கரைந்து, கண்ணாடி போல ஒரு வட்டம் தெரியும். பிறகு வெல்வெட். வட்டமான கட்டைமேல் வெல்வெட் துணியை இழுத்துக் கட்டி, அந்தத் தட்டின்மேல் ஒற்றி, அதே துணியைப் பெராக்சைடு கலந்த புதிய பால் தட்டில் ஒற்றுவோம். முத்திரை குத்துவது போல, புள்ளிகள் அதே இடத்தில் வந்து உட்காரும். பெராக்சைடு தட்டிலும் எது வட்டம் போடுகிறதோ, அதைப் பழைய தட்டில் தேடி எடுத்துத் தனிக் குழாயில் வளர்ப்போம். வெல்வெட்டுக்குக் காஞ்சிபுரத்து ஜவுளிக்கடைக்கு நான்தான் போவேன். "பிளவுஸா பாவாடையா?" என்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது? பிளவுஸ் என்றே சொல்லிவிடுவேன்.

"நம்மூரு குடவோலை மாதிரிதான்" என்பார் மேடம். "குலுக்கிட்டுக் கைய வுட்டு எடுக்கிறோம். எது வரும்னு யாருக்குத் தெரியும்?"

குழாய்களுக்கு நான் எண் கொடுத்தேன். செல்வி பெயர் வைத்தாள். எண் எனக்கே மறந்துவிடும், பெயர் மறக்காது. குடிகாரன், கொழுந்தி, வாத்தியார். ஒரு நாள் பெராக்சைடு தட்டின் நடுவே ரூபாய்க் காசு அகலத்துக்கு வட்டம் போட்டுக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது.

"அக்கா, இத பாருக்கா! மத்ததெல்லாம் சுருண்டு கெடக்குது, இவ மட்டும் ஜம்முன்னு குந்திக்கினு கீறா. மகாராணி!"

மகாராணியை வளர்த்து, அந்தத் திரவத்தில் பெராக்சைடு ஊற்றி, காத்திருந்து, பால் புரதத்தைக் கொடுத்துப் பார்த்தோம். முழு வேகத்தில் தின்றது. மறுபடியும் செய்தோம். மறுபடியும் தின்றது. மேடம் குடுவையை மோந்துவிட்டு என் தோளைத் தட்டினார். அவர் தட்டி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். முதலாளி சென்னையிலிருந்து இனிப்புடன் வந்தார்.

இதன் பயன் என்னவென்று சொல்ல வேண்டும். பட்டு நூலுக்கு முதலில் அண்டாவில் சோப்போ நொதியோ போட்டுப் பசை எடுப்பார்கள். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் வைத்து, பெராக்சைடு ஊற்றி வெளுப்பார்கள். இரண்டு தண்ணீர், இரண்டு அடுப்பு. பெராக்சைடில் சாகாத நொதி இருந்தால் இரண்டையும் ஒரே தண்ணீரில் முடிக்கலாம். கோடையில் கிணறு வற்றும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. "ஒரே தண்ணி" என்றே சொல்லி, ஓரிக்கையில் பட்டறை வைத்திருந்த ஏகாம்பரத்துக்கு முதல் பொட்டலங்களை அனுப்பினோம்.

இரண்டாம் வாரம் அவரிடமிருந்து ஆள் வந்தது. நானும் செல்வியும் பஸ் பிடித்தோம். பாலாற்றைத் தாண்டியதும் ஓரிக்கை. பட்டறை வாசலில் ஏகாம்பரம் மூங்கில் கோலில் சிட்டம் எனும் நூற்கற்றை ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்க, டாக்டரம்மா வாங்க. நம்ம மாட்டுப் பல்லு கூட இத வுட வெள்ளையா கீது. பாக்கறீங்களா, அவுத்துக்கினு வரட்டுமா?"

"பசை போயிருக்காண்ணா?"

"பசை போச்சி. அதுல குறை சொல்ல மாட்டேன். பூ மாதிரி கீது நூலு. வெளுப்புதான் ஏற மாட்டேங்குது. பெராக்சைடு பத்தலன்னு இன்னொரு கேன் ஊத்துனேன். சோடா பாட்டில ஒடச்சா மாதிரி புஸ்ஸுன்னு பொங்கிச்சி, அடங்கிச்சி, அவ்ளோதான். முகூர்த்தத்துக்குச் சேலை சொல்லிக்கீறவன் வூட்டு வாசல்ல வந்து குந்திக்கினு கீறான். பேஜாரா பூட்ச்சிம்மா."

அண்டாவில் கொஞ்சம் புதிய பெராக்சைடு விட்டுக் காட்டச் சொன்னேன். ஊற்றியதும் நூலிழை முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. சற்று நேரத்தில் நின்றுவிட்டது. பசுவுக்குக் கொம்பு ஒடிந்த புண்ணில் மருந்து ஊற்றினால் வருமே, அதே குமிழி.

அண்டாத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு திரும்பினோம். பஸ்ஸில் செல்வி வழக்கமாக வளவளவென்று பேசுவாள். அன்று பாட்டிலை மடியில் வைத்து மூடியை அழுத்திப் பிடித்தபடியே வந்தாள்.

"இன்னா பாத்தே?" என்றார் மேடம்.

"பசை போயிருக்கு. வெளுக்கலை. பெராக்சைடு ஊத்தினா குமிழி வருது, நிக்குது."

"இன்னா நெனைக்கிறே?"

நான் பாட்டிலைத் திறந்தேன். கொஞ்சம் அமிலம் சேர்த்து, பர்மாங்கனேட்டை ஒரு சொட்டு விட்டேன். பெராக்சைடு இருந்தால் அந்த ஊதா நிறம் விழுந்ததும் மறையும்; மறைய மறையச் சொட்டு விட்டுக்கொண்டே போகலாம். முதல் சொட்டே மறையவில்லை. அப்படியே ஊதாவாக நின்றது. அண்டாவில் பெராக்சைடே இல்லை.

மேடம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நடந்தது இதுதான். மகாராணியின் நொதியில் எந்த மாற்றமும் வரவில்லை. மாறியது வேறு. பெராக்சைடை உடைத்துத் தண்ணீராகவும் பிராணவாயுவாகவும் ஆக்கும் இன்னொரு நொதி எல்லா உயிரிலும் கொஞ்சம் உண்டு. நம் ரத்தத்தில் உண்டு. புண்ணில் பொங்குவது அதனால்தான். மகாராணி அதை ஏராளமாகச் சுரந்தாள். பெராக்சைடு அவளைத் தொடும் முன்பே அதைத் தீர்த்துவிட்டாள். நாங்கள் எங்கள் நொதி பிழைத்ததா என்று மட்டும் சோதித்தோம். பெராக்சைடு பிழைத்ததா என்று ஒருவரும் சோதிக்கவில்லை. அது எங்கள் கண்ணில் எதிரி. எதிரியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று யார் விசாரிப்பார்கள்? பட்டறைக்காரருக்கோ இருவரும் உயிரோடு வேண்டும்.

முதலாளி வந்தார். மேடம் அன்று அவரிடம் ஆங்கிலத்தில் பேசவில்லை.

"நான் கேட்டது என்சைம் சாகக்கூடாதுன்னுதானே பிலோமினா? சாகலையே."

"சாகல சார். எதிராளிய அடிச்சிப் போட்டுட்டு நிக்குது. நாம கேட்டது அடிய வாங்கிக்கினு நிக்கறது."

"அதனால என்ன? பசை போகுதில்ல? வெளுக்கறதை அவங்க தனியா பண்ணிக்கட்டும்."

"ஒரே தண்ணின்னு சொல்லிக் குட்த்துக்கீறோம். ரெண்டு தண்ணின்னா பழைய சோப்புலயே அவங்க பண்ணிக்கினு போவாங்க, நம்ம மருந்து இன்னாத்துக்கு? குட்த்த பொட்டலத்தையெல்லாம் திருப்பி வாங்கணும் சார்."

முதலாளி கெட்டவர் இல்லை. கறுப்புக் காகிதம் ஒட்டிய ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே எதுவும் தெரியாது. "வாங்கிடுங்க" என்றார். "பொங்கல் வரைக்கும் பாருங்க. அப்புறம் இந்த ரூம் எனக்கு வேணும். சோடா மூட்டை மழையில நனையுது."

கார்த்திகை பிறந்ததும் மூட்டைகள் எங்கள் அறை வாசலுக்கே வந்துவிட்டன. தாழ்வாரத்தில் வரிசையாக அடுக்கிவிட்டார்கள். செல்வி அதன்மேல் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டாள்.

"பொண்ணு வூட்டுச் சீர் மாதிரி முன்னாடியே வந்து எறங்கிடுச்சி பாருக்கா" என்றாள். பிறகு விரல் நுனிகளை விரித்துப் பார்த்துக்கொண்டாள். தோல் நன்றாக மூடியிருந்தது. "பேக்கிங்ல இப்ப துணி கட்டிக்கச் சொல்றாங்களாம் மூக்குல. எனக்கு ஒண்ணும் ஆவாது." 

செய்ய வேண்டியவற்றை எழுதிச் சுவரில் ஒட்டினேன். பட்டியல் போட்டால்தான் எனக்குக் கை ஓடும்.

முதலாவது, உயிரை வடிகட்டி நீக்கிவிட்டு நொதித் திரவத்தை மட்டும் எடுப்பது. இரண்டாவது, அதைச் சூடான நீரில் கொஞ்ச நேரம் வைப்பது. பெராக்சைடை உடைக்கும் நொதி சூடு தாங்காது, நம் நொதி ஓரளவு தாங்கும். மூன்றாவது, பெராக்சைடு விட்டுப் பார்ப்பது, குமிழி வரக்கூடாது. நான்காவது, ஊதாச் சொட்டு, மறைய வேண்டும். ஐந்தாவதாகத்தான் பால் புரதம்.

அதுவரை பிடித்து வைத்த எல்லா ரகங்களையும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து முதலிலிருந்து சோதித்தோம். பெராக்சைடை உடைக்கும் நொதி சூட்டில் போனதும், மகாராணி முதல் நாளே விழுந்தாள். வாத்தியார், கொழுந்தி, குடிகாரன், எல்லோரும் விழுந்தார்கள். மின்வெட்டில் சில குழாய்கள் கெட்டே போயிருந்தன. மார்கழியில் புதிதாகவும் விளக்கில் காட்டினோம். ஒன்றும் தேறவில்லை. மேடம் மோந்து பார்ப்பதைக் கூட நிறுத்திவிட்டார்.

கடைசியில் ஒரு குழாய் மிச்சமிருந்தது. பால் தட்டில் மயிரிழை அளவு வட்டம் போட்டது என்பதால் எல்லாவற்றுக்கும் பின்னால் தள்ளி வைத்தது.

"இத எதுக்குக்கா? சுத்த சோம்பேறி. பெராக்சைடு இல்லாத தட்டுலயே வேல செய்யாது."

"பட்டியல்ல இருக்கு செல்வி."

சூடு காட்டினோம். குமிழி வரவில்லை. ஊதாச் சொட்டு மறைந்தது, அடுத்ததும் மறைந்தது. பால் புரதத்தைக் கொடுத்தோம். மெல்லத் தின்றது. பெராக்சைடு படாத இன்னொரு குழாயைப் பக்கத்தில் வைத்திருந்தோம். அதுவும் அதே மெதுவில் தின்றது. மறுநாள் காலை, பெராக்சைடிலேயே கிடந்த திரவத்தைத் திரும்பச் சோதித்தோம்.

"இன்னா பாத்தே?" என்றார் மேடம்.

"நேத்து மெதுவா இருந்தது மேடம். இன்னைக்கும் அதே மெதுவா இருக்கு."

"பெராக்சைடு?"

"இருக்கு. அப்படியே இருக்கு."

இரண்டாவது கேள்வியை அவர் கேட்கவில்லை. குடுவையை வாங்கி மோந்து பார்த்தார்.

ஓரிக்கையில் ஏகாம்பரம் எங்களைப் பார்த்ததும் கும்பிட்டார். அது வரவேற்பு இல்லை. "வேணாம்மா. ஒரு தபா பட்டது போதும்." மேடம் தானே வந்திருந்தார். "ஒரே ஒரு சிட்டம் குடு ஏகாம்பரம். கெட்டுப்போனா நான் எடுத்துக்கறேன், நூல் கயிறா திரிச்சிக்கறேன்" என்றார். ஏகாம்பரம் இருப்பதிலேயே மட்டமான சிட்டத்தைத் தேடி எடுத்துத் தந்தார்.

சோம்பேறியும் பெராக்சைடும் கலந்த அண்டாவில் போட்டோம். வழக்கமாகப் பசை போகும் நேரம் ஆயிற்று. போகவில்லை.

"இன்னாம்மா, உங்க மருந்து தூங்குதா? எழுப்பி வுடட்டா?"

இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. "நான் போய் சாப்ட்டு வந்துர்றேன். வந்தாலும் இப்டியேதான் இருக்கப்போவுது" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். நாங்கள் மூவரும் அண்டாவைச் சுற்றி நின்றோம். செல்வி நூலைத் திருப்பித் திருப்பி விட்டாள். குமிழி இல்லை. நான் அவ்வப்போது கிண்ணத்தில் எடுத்து ஊதாச் சொட்டு விட்டேன். ஒவ்வொரு முறையும் மறைந்தது.

அவர் வெற்றிலை மென்றுகொண்டு திரும்பி வந்தார். கோலில் சிட்டத்தைத் தூக்கி, பிழிந்து, விரலில் தேய்த்தார். வெயிலுக்குக் கொண்டுபோய், இரண்டு தண்ணீரில் வெளுத்த அவருடைய நூல்களின் நடுவே மாட்டினார். தள்ளி வந்து நின்று பார்த்தார். எது எங்களுடையது என்று எனக்கே தெரியவில்லை.

"தூங்கிக்கினே வேல செய்யுது போல" என்றார். "சரி, நாளைக்கு ஒரு கட்டு போடறேன். ஆனா சாப்புடப் போறதுக்கு முன்னாடி போட்டுடணும். நின்னு பாத்துக்கினு இருந்தா பயித்தியம் புடிச்சிடும்."

பிறகு அச்சடித்த உபயோகக் குறிப்பில் மேடம் அந்த வரியைச் சேர்த்துவிட்டார்: மதிய உணவுக்குச் செல்லும் முன் நூலைப் போடவும். நான் பணியாற்றிய காலம் முழுவதும் அது அப்படியே இருந்தது.

பொங்கலுக்கு முதலாளி வந்தபோது ஓரிக்கையிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் சோம்பேறியைக் கேட்டு ஆள் வந்திருந்தது. அவர் அறை வாசலில் நின்று மூட்டைகளைப் பார்த்தார். "இதெல்லாம் ஏன் வழியில கிடக்கு? ஷெட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. செல்வி மூட்டைகளுக்கு டாட்டா காட்டினாள்.

பல வருஷம் கழித்து, வெளியூர் ஆய்வகம் ஒன்று சோம்பேறியின் மரபைப் படித்துச் சொன்னது. நொதி ஒரு நீண்ட சங்கிலி. அதில் வேலை நடக்கும் வாய்க்குப் பக்கத்திலேயே மெத்தியோனின் என்ற கண்ணி இருக்கிறது. பெராக்சைடு முதலில் கடிப்பது அதைத்தான். சோம்பேறியில் அந்த ஒரு கண்ணி மட்டும் வேறாக மாறியிருந்தது. கடிக்க இடமில்லை. வாய்க்குப் பக்கத்தில் மாறியதால் வாயும் கொஞ்சம் சிறுத்துவிட்டது, அதனால்தான் மெதுவாகத் தின்றது. இருட்டறையில் எங்கள் விளக்கு எங்கே தொட்டது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நிவேதாவின் குழு அதே கண்ணியை வேறு வேறாக மாற்றிப் பார்த்து, சாகாததும் வேகமானதுமான ஒன்றைச் செய்திருக்கிறது. அவள் சொன்னபோது நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "பெராக்சைடு மிச்சம் இருக்காம்மா?"

"பாத்துட்டோம் மேடம், இருக்கு. புது ஆய்வகச் சுவர்லயும் உங்க அஞ்சு வரிய ஒட்டி வெச்சிருக்கோமே."

இன்றைய நிலவரம் இது. பிலோமினா மேடம் ஓய்வு பெற்று மகளோடு இருந்தார், இப்போது உயிரோடு இல்லை. ஏகாம்பரத்தின் பட்டறையை அவர் மருமகன் நடத்துகிறார். பேக்கிங் ஷெட்டில் பொடி மூடிய இயந்திரத்துக்குள் ஓடுகிறது, யாரும் கையால் அள்ளுவதில்லை. செல்வி ஓய்வு பெறும் வரை எங்கள் அறையில்தான் இருந்தாள். மூச்சு நன்றாக இருக்கிறது, வாயும் அப்படியே. புதிய நொதி வந்துவிட்டதால் சோம்பேறிக்கு வேலை இல்லை. உறைபெட்டியில், அதே பெயர் எழுதிய குப்பியில் இருக்கிறது. ஆய்வகம் புதுக் கட்டடத்துக்குப் போனதும் எங்கள் இருட்டறையின் கறுப்புக் காகிதத்தைக் கிழித்துவிட்டார்கள். அங்கே இப்போது சோடா மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள்.